கயிறு பிடித்தவர்கள்

சவுதி அரேபியாவின் ஜுபைல் ஆலையில் எனக்கு முதல் ஷிஃப்ட் சூப்பர்வைசராக அமைந்தவர் தாரூத் தீவுக்காரர். கதீஃப் கரையை ஒட்டிய சின்னத் தீவு அது. வயது ஐம்பத்தைந்து இருக்கும். எல்லோரும் ஹாஜி என்றுதான் கூப்பிடுவோம். நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். ஆனாலும் அவர் வாயில் எப்போதும் 'முஹந்திஸ்'தான், இன்ஜினியர் என்று அர்த்தம். 2009இல் நான் சேர்ந்த புதிதில், வேலை தொடங்க அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்து வாங்கப் போனபோது ஊர் எது என்று கேட்டார். தூத்துக்குடி என்றேன். புரியவில்லை. சிலோனுக்கு எதிர்க்கரை, முத்துக் குளித்த ஊர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என் தாத்தா கவ்வாஸ்" என்றார். முத்துக் குளிப்பவர்.

அன்று பெர்மிட் அரை மணி நேரம் தாமதமானது. எங்கள் பக்கம் குளிப்பவனை மேலே இழுக்கும் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் விடுவார்கள், கூடப்பிறந்தவள் தாலி அவன் கையில் இருக்கிறதே என்ற பயத்தில் கவனமாக இழுப்பான் என்று எனக்குத் தெரிந்த அரபியும் ஆங்கிலமும் கலந்து சொன்னேன். மிகவும் ரசித்தார். "எங்களிடம் குளிப்பவனும் கடன்காரன், கயிறு பிடிப்பவனும் கடன்காரன்" என்றார். படகுத் தலைவரான நகுதாவிடம் முன்பணம் வாங்கித்தான் கோடையில் கடலுக்குப் போவார்களாம். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். தகப்பன் செத்தால் அது மகன் தலையில் விழும். அப்புறம் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது, கூடவே உலகப் பொருளாதார மந்தமும். 1930களில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது.

எண்ணெய்க்கு முந்தைய சவுதி என்றால் வெறும் மணலும் ஒட்டகமும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தாரூத் தீவில் இருக்கும் தாரீனின் முத்து, பாலைவனச் சோலையான அல்ஹசாவின் பேரீச்சை, மக்காவுக்கு வரும் ஹஜ் பயணிகள் என்று ஆளுக்கொரு பிழைப்பு அங்கே இருந்தது. 1932இல் அப்துல் அஜீஸ் மன்னர் நாட்டை ஒன்றாக்கியபோது ஹஜ் வருமானம்தான் கஜானாவுக்கு ஆதாரம். மந்தத்தில் அதுவும் விழுந்தது. கையில் காசில்லாத நிலையில்தான் 1933 மே மாதம் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் உரிமை கொடுத்தார்கள். முன்பணம் தங்கக் காசாக வந்தது. அதே செப்டம்பரில் முதல் புவியியலாளர்கள் வந்து இறங்கிய இடம், அப்போது மீனவக் கிராமமாக இருந்த இந்த ஜுபைல்தான். நாலரை வருடம் ஏமாற்றம். 1938 மார்ச்சில் தம்மாம் ஏழாம் எண் கிணறு, கிட்டத்தட்ட 1,440 மீட்டர் ஆழத்தில், எண்ணெய் கொடுத்தது. பாலைவனத்தில் அவர்களுக்கு வழி காட்டியவர் கமீஸ் பின் ரிம்தான் என்ற பெதூயின், பாலைவன நாடோடி இனத்தவர். அவர் பெயரை ஒரு எண்ணெய் வயலுக்கே வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த விஷயம்.

ஹாஜியின் தகப்பனார் கடலுக்குப் போகவில்லை. ரஸ் தனூராவில் சுத்திகரிப்பு ஆலை கட்டும் வேலைக்குப் போனார். 1945இல் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. அமெரிக்கர்களுக்கு ஏசி வீடு, அரபுத் தொழிலாளிக்கு ஈச்ச ஓலைக் குடிசை. 1953இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. தகப்பனார் அதில் இருந்தாரா என்று கேட்டேன். ஹாஜி சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

1973 அக்டோபர் அரபு-இஸ்ரேல் போருக்குப் பின், பீப்பாய் மூன்று டாலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அதுவரை பாலைவனத்தில் சும்மா எரித்த எரிவாயுவைக் குழாயில் பிடித்துத் தொழிலுக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. அதை நம்பி 1975இல் ஜுபைல், யான்பு என்ற இரண்டு தொழில் நகரங்களைத் தொடங்கினார்கள். 1980க்குள், அமெரிக்கர்கள் தொடங்கிய எண்ணெய் நிறுவனமான அராம்கோ முழுவதும் அரசின் கைக்கு வந்தது. ஜுபைலில் கடல்நீரைக் குடிநீராக்கி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ரியாத்துக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் ஓரமாக வண்டியில் போகும்போதெல்லாம், நம் ஊரில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இவ்வளவையும் கட்ட ஆள் வேண்டும். அப்படித்தான் எங்களை மாதிரி ஆட்கள் வந்தோம். அரசு மக்களிடம் வருமான வரி கேட்கவில்லை. பெட்ரோல், தண்ணீர், கரண்ட் எல்லாம் அடிமாட்டு விலை. நான் சேர்ந்தபோது சாதா பெட்ரோல் லிட்டர் 45 ஹலாலா, அதாவது அரை ரியாலுக்கும் குறைவு. சவுதிப் பையன் கனவு கண்டது அரசு உத்தியோகம். கம்பியும் ஸ்பேனரும் வெளியூர்க்காரன் கையில். தாத்தா மூச்சடக்கிக் கடலில் இறங்கிய ஊரில், மூன்றாம் தலைமுறையில் கைவேலை தாழ்ந்த வேலையாகிவிட்டது. பணம் செய்த கெடுதல்களில் இதைத்தான் நான் பெரியது என்பேன். ஹாஜிக்கும் இதே வருத்தம் இருந்தது.

எங்கள் வாழ்க்கையும் ஒரு கயிற்றில்தான் தொங்கியது. தங்கும் அனுமதியான இகாமா, எங்களை வேலைக்கு எடுத்த கஃபீலின் பெயரில். அவர் சொன்னால்தான் நாட்டை விட்டுப் போக எக்சிட், அவர் சம்மதித்தால்தான் வேறு வேலை. 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே போனது. அரசிடமிருந்து ஒப்பந்தக்காரர்களுக்கு வரவேண்டிய பணம் நின்றது. நான் இருந்த ஆள் சப்ளை கம்பெனி நாலு மாதம் சம்பளம் தரவில்லை. கேம்ப்பில் மளிகைக்கடை மலையாளி கணக்கில் எழுதிக்கொண்டே சாமான் கொடுத்தார். ஹாஜி ஒரு நாள் மூட்டை அரிசியைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பேசாமல் போனார். நகுதாவின் கணக்குப் புத்தகத்தை அவர் மறக்கவில்லை.

அதன் பிறகு மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. 2018 ஜனவரியில் அந்தப் பெட்ரோல் 1.37 ரியாலானது, பொருட்களுக்கு ஐந்து சதவீத வரியும் வந்தது. ஜூனில் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கினார்கள். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் சவுதிப் பெண் உட்கார்ந்தாள். குடும்பத்தில் தலைக்கு மாதம் நூறு ரியாலில் தொடங்கிய கட்டணம் வருடா வருடம் ஏற, மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பினேன். கோபம் இருந்தது. ஆனால் தங்கள் வேலையைத் தங்கள் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று ஒரு நாடு நினைப்பதை என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

2019இல் ஊருக்குக் கிளம்பும் முன் எனக்கு வந்த கடைசி வேலை, என் இடத்துக்கு வரும் பையனுக்குப் பழக்கிக் கொடுப்பது. ஓய்வு பெற்றுவிட்ட ஹாஜியின் கடைசி மகன் அவன். முதல் மாதம் கையுறையில் எண்ணெய் பட்டாலே முகம் சுளிப்பான். கடைசி வாரம், ஆகஸ்ட் வெயிலில், குழாயில் அளவு பார்த்துச் சொல்லும் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் தள்ளி நின்றேன். அவனே ரேடியோவில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி தானாக ஓடும் கட்டுப்பாட்டு லூப்பை மேனுவலுக்கு மாற்றச் சொன்னான். ஹை சைட் வால்வை மூடினான், நடு வால்வைத் திறந்தான், அப்புறம் லோ சைடை மூடினான். வரிசை தப்பவில்லை. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "சரியா, முஹந்திஸ்?" என்று கேட்டான்.