பார்படோஸ் சர்க்கரை: ஆலையும் கொப்பரையும்

ஆங்கிலேயர் ஆண்ட கரீபியத் தீவான பார்படோஸில் 1640களில் கரும்பு வேரூன்றியது. அங்கே ஆப்பிரிக்க அடிமைகள் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ளச் சவுக்கைவிட ஆலையைத்தான் பார்க்க வேண்டும். வெட்டிய கரும்பை ஓரிரு நாளில் பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் இரவெல்லாம் வேலை. செங்குத்தாக மூன்று உருளைகள். ஒருவர் முதல் இடுக்கில் கரும்பைக் கொடுப்பார், எதிரே நிற்பவர் சக்கையை அடுத்த இடுக்கில் திருப்பிவிடுவார். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கையே உள்ளே போகும். காற்றாலையைச் சட்டென்று நிறுத்த முடியாது. கையை வெட்டி ஆளை மீட்கப் பக்கத்திலேயே கோடரி வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு ஏற்பாடு அதுதான் போலும்!

பிழிந்த சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து, நுரை நீக்கி, பெரிய செப்புக் கொப்பரையிலிருந்து சிறியதற்கு அகப்பையால் மாற்றுவார்கள். கடைசியில் பாகை இரு விரலுக்கிடையே இழுத்துக் கம்பிப்பதம் பார்ப்பவரும் அடிமைதான். முந்தினால் சரியாகப் படிகமாகாது, பிந்தினால் கருகும்.

எஜமான் தண்டிக்கும்போது அடிமை செத்தாலும் குற்றமில்லை என்றது 1661 சட்டம். 1834 ஆகஸ்ட் 1இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு முழுவதும் முதலாளிகளுக்கே. வயலில் உழைத்தவர்களோ ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் 1838 வரை வாரம் 45 மணி நேரம் வரை கூலியின்றி உழைத்தார்கள்.