அரிசோனாவின் கடைமடை

வந்து மூன்றாம் மாதம். இரவு இரண்டரை மணிக்குப் பின்பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு விழித்தேன். குழாய்தான் உடைந்துவிட்டது என்று டார்ச்சோடு ஓடினால், பக்கத்து வீட்டுப் பெரியவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தோட்டத்து மதகைத் திறந்துகொண்டிருந்தார். புல்தரை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். "இன்றைக்கு என் முறை, நாற்பது நிமிடம். அடுத்தது உங்கள் வீட்டுக்கு" என்றார்.

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் ஊர். முறை வைத்துப் பாய்ச்சுவதும், ராத்திரி முழுக்க வரப்பில் உட்கார்ந்து தண்ணீருக்குக் காத்திருப்பதும் எனக்குப் பழக்கம். ஆனால் அரிசோனாவில், பீனிக்ஸை ஒட்டிய மீசா நகரில், வீட்டுப் புல்தரைக்கு நீர்முறை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்! அன்று காலையிலேயே வாய்க்கால் கரையோரம் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

இங்கே வாய்க்கால்களுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். ஹோஹோகம் என்று அழைக்கப்படும் மக்கள் சால்ட் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டி, மக்காச்சோளமும் பீன்ஸும் பருத்தியும் விளைவித்தார்கள். இரும்புக் கருவி கிடையாது, வண்டி கிடையாது, மாடு கிடையாது. கைக்கழியால் தோண்டி, கூடையில் மண் சுமந்த வேலை. 1450 வாக்கில் அந்த ஊர்கள் வெறிச்சோடின. 1878-ல் மீசாவுக்கு வந்த, மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் அந்தப் பழைய தடங்களையே தூர்வாரித் தண்ணீர் விட்டார்கள். அழிந்த ஊரின் மேல் எழுந்ததால்தான் பக்கத்து நகரத்துக்கு, சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரான பீனிக்ஸ் வந்தது. 1911-ல் சால்ட் ஆற்றில் ரூஸ்வெல்ட் அணை கட்டி முடிந்தது; மறு வருடம் பிப்ரவரி 14-ல் அரிசோனா 48-வது மாநிலமானது. அணையின் வயதும் மாநிலத்தின் வயதும் ஏறக்குறைய ஒன்று.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 பாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸுக்கு மேல் அடித்தது. கார் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. சரி, அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை. சுவாரோ கள்ளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் எட்டு வருடத்தில் அது வளர்வது ஓரங்குலம், ஒன்றரை அங்குலம். பக்கவாட்டில் கை போலக் கிளை முளைக்கவே ஐம்பது, எழுபது வருடம் ஆகும். ஆகவே நான்கைந்து கையோடு நிற்கும் ஒரு சுவாரோவைப் பார்த்தால், மாநிலத்துக்கு மூத்தது என்றே எண்ணத் தோன்றும். மரங்கொத்தி அதில் பொந்து குடையும். அது விட்டுப் போன பொந்தில், கைக்குள் அடங்கும் குட்டி ஆந்தை குடியேறும். ஜூன் கடைசியில் பழம் சிவக்கும். காய்ந்த சுவாரோவின் விலா எலும்பு போன்ற குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய நீளத் தொரட்டியால் டோஹோனோ ஓடம் பழங்குடி மக்கள் அதைப் பறிக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் வருடப் பிறப்பு. பழச்சாற்றைப் புளிக்க வைத்துக் குடித்து மழையை அழைப்பார்கள். அதற்கப்புறம் புழுதிப்புயல், பின்னாலேயே மழை. கிரியோசோட் புதர் நனைந்து எழுப்பும் வாசனை நம் மண்வாசனை இல்லை, கொஞ்சம் மருந்து நெடி. ஆனாலும் அந்த வாசனைக்காக வாசலில் வந்து நிற்கிறேன்.

போன ஜனவரியில் அப்பா வந்திருந்தார். வாய்க்கால் கரையில் நின்று, ஓடுகிற தண்ணீரை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குக் கடைமடை எங்கடா?"

நான்கு வருடமாக எனக்குத் தோன்றாத கேள்வி. மரிகோப்பாவில் இருக்கும் மகா கணபதி கோயிலுக்குப் போகும் 347-ம் நெடுஞ்சாலை, கிலா நதிப் பழங்குடிகளின் நிலம் வழியாகத்தான் போகிறது. இத்தனை நாள் எண்பது மைல் வேகத்தில் அதைக் கடந்துகொண்டிருந்தேன். அங்கே வாழும் அகிமெல் ஓடம் மக்களின் பெயருக்கே ஆற்று மக்கள் என்று பொருள். ஹோஹோகம் மக்களைத் தங்கள் முன்னோர் என்கிறார்கள். 1849-ல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியா போன கூட்டத்துக்குக் கோதுமை கொடுத்தவர்கள் அவர்கள். அதற்கு அடுத்த சில பத்தாண்டுகளில், தலைமடையில் குடியேறியவர்கள் கிலா ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். 1890-களில் ஊருக்கு ஊர் பஞ்சம். தலைமடைக்காரன் எடுத்துக்கொண்டால் கடைமடையில் என்ன மிஞ்சும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கு ஏன் இது தெரியாமல் போயிற்று என்று இன்னும் உறுத்துகிறது. 2004-ல் வந்த சட்டம்தான் அவர்களின் தண்ணீர் உரிமையைத் திருப்பித் தந்தது. கொலராடோ ஆற்றிலிருந்து பாலைவனத்தைக் குறுக்கே வெட்டி, சுமார் 540 கிலோமீட்டர் நீளும் கால்வாய் வழியாக அந்தத் தண்ணீர் வருகிறது.

கோயிலுக்குப் போகும் வழியில் இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். கிலா ஆற்றுப் பாலத்தின் கீழே மணல்தான் கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பாலம் தாண்டி ஓரிடத்தில் பச்சைப் பசேலென்று தீவன வயல் வந்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"குதிரைமசால்டா. நல்லா பாய்ச்சியிருக்காங்க" என்றார்.