ஊன்றித் திரும்பும் கால்

16 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் பருவத்தில், காயத் தடுப்புப் பயிற்சியை நான் ஒரு சடங்காகவே நடத்தினேன். ஃபிஃபா 11+ என்னும் உடல் சூடேற்றும் திட்டத்தின் 15 பயிற்சிகளையும் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, பந்துகளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவேன். பருவத்தின் நடுவில், எங்கள் இடதுபக்க ஆட்டக்காரி யாரும் மோதாமலேயே, சட்டென்று திசை மாற்றி ஓட முயன்றபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். முழங்காலுக்குள் எலும்புகளை இணைக்கும், ஏ.சி.எல். என்னும் முன்சிலுவைத் தசைநார் கிழிந்திருந்தது.

இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் நேர்கிறது. 2023 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியன் மியெடெமா ஆகிய மூவருமே இதனால் இழந்தார்கள். ஆனால் இதைப் பெண்ணுடலின் தலைவிதி என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவீடனில் 12 முதல் 17 வயது வரையிலான 4,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை 15 நிமிடக் காயத் தடுப்புப் பயிற்சி செய்த அணிகளில் ஏ.சி.எல். காயங்கள் 64 சதவீதம் குறைந்திருந்தன.

பயிற்சியைச் செய்வதும் சரியாகச் செய்வதும் வேறு வேறு என்பதை, குதித்து இறங்கும் பயிற்சியின்போது அவர்களுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்த நாளில்தான் உணர்ந்தேன். ஒரு பெண்ணின் வலது முழங்கால், ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும், இடது காலை நோக்கி உள்ளே சாய்ந்தது. "முழங்கால் கால்விரல்களுக்கு நேராக இருக்கட்டும்" என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. கைபேசியில் எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டியதும், அவளே தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சத்தம் கேட்காமல் இறங்கு" என்ற சொல்லும் நன்றாக வேலை செய்தது. இப்போது இருவர் இருவராக நின்று, ஒருத்தி குதிக்க மற்றவள் முழங்காலைக் கவனிக்கிறாள்.

தொடையின் பின்தசைக்கான நோர்டிக் பயிற்சியை, அதாவது மண்டியிட்டு, இன்னொருத்தி கணுக்காலைப் பிடித்திருக்க, உடலை மெதுவாக முன்னே சாய்ப்பதை, 3 முதல் 5 முறையோடு தொடங்குவது நல்லது. முதல் வாரத்திலேயே அதிகம் செய்யவைத்தால், மறுநாள் வலிக்குப் பயந்து அதன்பின் ஏமாற்றத் தொடங்குவார்கள். போட்டி நாளில், திட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் ஓட்டப் பகுதிகள் மட்டும் போதும்.

நேரம்தான் பெரிய சிக்கல். பயிற்சிக்கு முன்னால் வந்து செய்யுங்கள் என்றால் யாரும் வருவதில்லை, ஆகவே 20 நிமிடங்களைப் பயிற்சி நேரத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன். அந்த முதல் பருவத்தில், பந்துப் பயிற்சிக்கு நேரமாகிறது என்று கடைசி 2 நிமிட ஓட்டப் பகுதியைத்தான் நான் வழக்கமாக வெட்டிவிடுவேன். அந்தப் பகுதியின் இறுதிப் பயிற்சி, ஓடிவந்து ஒரு காலை ஊன்றித் திசை மாற்றுவது.