பழைய எண், புதிய எண்

ஜூன் 3
நான்கு கோர் (தனித்தனியே இயங்கும் செயலி அலகு) கொண்ட ரிஸ்க்-ஃபைவ் (ஒரு செயலி வகை) போர்டில் எங்கள் சிறு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு, ஃபோர்க் (பிராசஸ், அதாவது ஓடும் நிரல், தன்னைப் போலவே ஒரு சேயை உருவாக்குவது) முடிந்த பின் தாய் பிராசஸ் எழுதியது சேய் பிராசஸின் நினைவகத்தில் தெரிகிறது. ஒரே ஒரு பைட்தான். ஆனால் இப்படி நடக்கவே கூடாது.

ஜூன் 4
சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு வரி அச்சிட்டுப் பார்த்தேன். பிழை காணாமல் போயிற்று. வரியை எடுத்தேன், திரும்பி வந்தது. தரமணியிலிருந்து ரயிலில் வரும்போதும் இதே நினைப்புதான். நிரல் சொல்லும் முகவரி நினைவகத்தில் எந்த இடம், அங்கே எழுதலாமா என்று ஒவ்வொரு கோரும் தன் கையில் குறித்துவைக்கும் சிறு பட்டியல்தான் டி.எல்.பி. எங்கள் கோரின் தரவு டி.எல்.பி.யில் 32 இடங்கள். ஓர் இடத்துக்கு ஒரு பக்கம் (நினைவகத் துண்டு), பக்கம் ஒன்றுக்கு 4 கேபி என்றால், ஒரு நேரத்தில் 128 கேபிக்குத்தான் முகவரி நினைவிருக்கும். அச்சிடும் வழியில் தொடும் பக்கங்கள் ஏதோ ஒரு பழைய பதிவை வெளியே தள்ளுகின்றன. அப்படியானால் குற்றவாளி அந்தப் பதிவுதான்.

ஜூன் 6
பிடித்துவிட்டோம். ஃபோர்க் செய்யும்போது இருவருக்கும் பொதுவான பக்கங்களின் எழுதும் உரிமையைப் பக்க அட்டவணையில் (டி.எல்.பி. பார்த்து எழுதிக்கொள்ளும் மூலப் பட்டியல்) நீக்குகிறோம்; யாராவது எழுத வந்தால் அப்போது தனிப் பிரதி தருவதற்காக. உடனே, டி.எல்.பி.யின் பழைய பதிவுகளைத் துடைக்கும் எஸ்ஃபென்ஸ் விஎம்ஏ கட்டளையும் கொடுக்கிறோம். ஆனால் அது, கொடுத்த கோரின் டி.எல்.பி.யை மட்டுமே துடைக்கும். தாய் பிராசஸின் இன்னொரு இழை (அதே பிராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை) அப்போது 2ஆம் கோரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோர் அட்டவணையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த பழைய உரிமையோடு எழுதிவிட்டது. ஆர்ம் செயலிகளில் எல்லாக் கோர்களுக்கும் ஒரே கட்டளையில் அறிவிக்க வழியுண்டு. எங்கள் போர்டில் மற்ற ஒவ்வொரு கோருக்கும் இடையீட்டுச் சமிக்ஞை அனுப்பி, அது துடைத்துவிட்டுப் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அக்கா, உங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசலில் பழைய எண் 27, புதிய எண் 12 என்று இருக்குமே, அதுபோலவா?" அதேதான். வாசலில் எண்ணை மாற்றினால் போதாது, தபால்காரர் கையிலுள்ள பட்டியலும் மாற வேண்டும். இத்தனை நாள் நான் தேடிய விளக்கத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

ஜூன் 9
இதே தவறு இன்னோர் இடத்திலும் இருந்தது. இது இன்னும் ஆபத்தானது. பக்கத்தை விடுவிக்கும்போது, எல்லாக் கோர்களும் பதில் சொல்வதற்கு முன்பே அதை வேறொரு பிராசஸுக்குத் தந்துகொண்டிருந்தோம். இப்போது கடைசிப் பதில் வரும்வரை தனிப் பட்டியலில் நிறுத்திவைக்கிறோம். உரிமையைக் கூட்டும்போது இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை: பழைய பதிவோடு வரும் கோர் வீணாக ஒரு பிழைச் சமிக்ஞை எழுப்பும், அங்கேயே துடைத்துக்கொள்ளலாம். பறிக்கும்போதுதான் ஊரையே கூட்ட வேண்டியிருக்கிறது.

ஜூன் 11
சோதனை 40 மணி நேரம் தாண்டிவிட்டது. பிழை இல்லை, ஆனால் வேகம் குறைவு. பிராசஸ் மாறும்போதெல்லாம் முழுதும் துடைக்கிறோம். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் எஸ்வி39 (எங்கள் போர்டின் பக்க அட்டவணை அமைப்பு) அட்டவணையின் மூன்று நிலைகளையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முகவரி வெளிக்கும் (ஒரு பிராசஸுக்குரிய முகவரித் தொகுப்பு) தனி அடையாள எண் கொடுத்தால், எந்தப் பதிவு யாருடையது என்று தெரியும், துடைக்காமலே மாறலாம். விதிப்படி 16 பிட் வரை இடமுண்டு. அந்த இடத்தில் எல்லாம் ஒன்றுகளாக எழுதித் திரும்பப் படித்தேன்: எங்கள் கோர் வைத்துக்கொண்டது 9 பிட். ஆக 512 எண்கள். அவை தீர்ந்து முதல் எண்ணுக்குத் திரும்பும்போது நான்கு கோர்களையும் துடைத்தாக வேண்டும். நாளை காலை முதல் வேலை அதுதான்.