போர்பிரின் வினா: முதலில் காபனை எண்ணுங்கள்

பெறுபேறு வந்தாச்சு. உயிர் இரசாயனத்தில் அடுத்த பட்ச் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: ஹீம் (குருதிக்குச் சிவப்பு நிறம் தரும், நடுவில் இரும்பு கொண்ட போர்பிரின்; போர்பிரின் என்பது நாலு பைரோல் வளையங்கள் பாலங்களால் இணைந்த பெருவளையம்) உடலில் உருவாகும் தொகுப்பை நொதியப் பெயர்களாகப் பாடமாக்க வேண்டாம், காபனை எண்ணுங்கள். பெயர் ஒன்று மறந்துபோனாலும் எண்ணிக்கை தெரிந்தவர் கட்டமைப்பைப் பிழையில்லாமல் வரைந்துவிடுவார். எட்டுப் பெயரும் தெரிந்து எண்ணத் தெரியாதவர் மூன்றாம் படியிலேயே தடுமாறுவார்.

கிளைசீனில் 2, சக்சினைல் பகுதியில் 4. ஒரு காபனீரொட்சைட்டு கழிய, அமினோலெவுலினிக் அமிலம் 5. அது இரண்டு சேர்ந்தால் போர்போபிலினோஜன், 10. அதில் நாலு சேர்ந்தால் யூரோபோர்பிரினோஜன், 40. நாலு அசற்றிக் பக்கச்சங்கிலிகளும் மெதைலாகையில் 4 கழியும், கொப்ரோபோர்பிரினோஜன் 36. இரண்டு புரொப்பியோனிக் சங்கிலிகள் வினைலாகையில் இன்னும் 2 கழியும், புரோட்டோபோர்பிரினோஜன் 34. நைதரசன் கணக்கும் கேட்பார்கள்: 8 கிளைசீன் கொண்டுவந்த எட்டில் நாலு அமோனியாவாகப் போய்விடும், வளையத்தில் மிச்சம் நாலு. கிளைசீன்தான் மூலம் என்று காட்ட, 1945இல் டேவிட் ஷெமின் நைதரசன்-15 ஏற்றிய கிளைசீன் 66 கிராமைத் தானே உட்கொண்டார்.

அடுத்தது ஐதரசன். எனக்குக் கேட்டால் முழு வினாவின் உயிரே இதில்தான். போர்பிரினோஜனில் பைரோல்களுக்கு இடையே மெதிலீன் பாலம். இணைவு (ஒன்றுவிட்டொன்றாக வரும் இரட்டைப் பிணைப்புத் தொடர்) அறுந்து கிடப்பதால் நிறமில்லை. ஆறு ஐதரசன் கழன்றால் மெதைன் பாலம், நிறம், செந்நிற ஒளிர்வு எல்லாம் வரும். பாதையின் எட்டு நொதியங்களையும் வரிசைப்படி எண்ணினால், 5, 6, 7 நிறமற்றதை மட்டுமே எடுக்கும். இடையில் தானாக ஒட்சியேறிய யூரோபோர்பிரின் பாதைக்குத் திரும்பாது; தோலில் தேங்கினால் வெயில் பட்ட இடத்தில் கொப்புளம். போர்பிரியா என்பது இந்தப் பாதையின் ஒரு நொதியம் குறைவதால் வரும் நோய். மூன்றாம் நொதியம் குறைந்த தீவிர இடைவிட்ட போர்பிரியாவில் வளையமே உருவாகுமுன் தடை விழுகிறது. ஆகவே வயிற்றுவலி வரும், தோல் நோகாது. இந்த ஒரு வரியை எழுதாமல் நோய் அறிகுறிகளைப் பட்டியல் போடுவது வீண்வேலை.

மிச்சத்தைச் சுருக்கமாகத் தருகிறேன்:

- நொதியங்கள் 1, 6, 7, 8 இழைமணியில். 2 முதல் 5 வரை குழியவுருவில்.
- ஈயம் தாக்குவது 2ஐயும் 8ஐயும். அமினோலெவுலினிக் அமிலம் ஏறும். செங்குழியத்தில் இரும்பின் இடத்தில் நாகம் ஏறிய புரோட்டோபோர்பிரின் கூடும்.
- பச்சையத்தில் மக்னீசியம், ஒரு பைரோல் வளையம் ஒடுங்கியது. பி12இல் கோபால்ட், ஒரு பாலம் குறைவு. இரண்டையும் போர்பிரின் என்று மொட்டையாக எழுத வேண்டாம்.

பச்சையம் பிரித்தெடுக்கும் செய்முறைக்கு வல்லாரை போதும், வெள்ளவத்தைச் சந்தையிலேயே கிடைக்கும். 80% அசற்றோனில் அரைக்கும்போது ஒரு சிட்டிகை மக்னீசியம் காபனேற்று சேருங்கள். இல்லாவிட்டால் இலையின் அமிலமே மக்னீசியத்தைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு ஐதரசனை வைத்துவிடும். சாறு ஒலிவ் பழுப்பாகும். தேசிக்காய் விட்ட வல்லாரைச் சம்பல் நேரம் போகப்போக மங்குவதும் இதனால்தான்.

ஆய்வுகூடத்தில் தொகுக்கும் போர்பிரினான டெட்ராபீனைல்போர்பிரினின் நிறமாலையில் கரைசலைக் கடுமையாக்கிவிடுவதுதான் வழக்கமான பிழை. 418 நானோமீற்றர் அளவில் வரும் சொரே பட்டையின் (போர்பிரினின் மிக வலிய உறிஞ்சல் பட்டை) மூலர் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 4 இலட்சம். லீற்றருக்கு 2 மைக்குரோமூல் இருந்தாலே உறிஞ்சல் 0.8 வந்துவிடும், அதற்கு மிஞ்சிப் போனால் உச்சி தட்டையாகும். 515க்கும் 650க்கும் இடையிலுள்ள நாலு சிறு பட்டைகளைப் பார்க்க வேறாக 50 மைக்குரோமூல் கரைசல் தயாரியுங்கள். நாகம் ஏறினால் நாலு இரண்டாகும், சமச்சீர் கூடுவதால். உலோகம் போடாமலே கரைசல் பச்சையாகி, சொரே 440 பக்கம் நகர்ந்தால் குளோரோபோம் பழையது. அதில் ஊறிய ஐதரோகுளோரிக் அமிலம் நடு நைதரசன்களில் புரோத்தன் ஏற்றியிருக்கும். ஒரு துளி மூவெத்தில் அமைன் விட்டால் ஊதா திரும்பும்.