ஆடியில் பேசி ஆவணியில் தொடங்க: கோத்தகிரித் தடுப்புச்சுவர் நாட்குறிப்பு

ஜூலை 19, 2025, சனி

கோத்தகிரியில் சரிவில் நிற்கும் வீடு. பின்பக்கத்துப் பழைய கல்கட்டு வயிறு தள்ளிவிட்டது. அதைப் பிரித்து 40 அடி நீளத்துக்குப் புதுத் தடுப்புச்சுவர் கட்ட வேண்டும். கூடவே சமையலறைக்கு மேலே ஷீட் மாற்றுவது, ஒழுகும் குளியலறைத் தளத்தை உடைத்துப் போடுவது, உள்பூச்சு.

ஆடி பிறந்துவிட்டதால் புது வேலைக்கு யாரும் பூஜை போட மாட்டார்கள். விலை பேச இதைவிட நல்ல மாதம் கிடையாது. மேஸ்திரிகள் அவசரமில்லாமல் இடம் பார்க்க வருவார்கள், இறங்கி அளப்பார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இப்போது தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். எனவே கல் வேலைக்குக் கையில் இருப்பது ஆவணியும் புரட்டாசியும். ஐப்பசியில் வாய் பிளந்த குழியோடு நிற்கக் கூடாது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. சரிவில் வெட்டிய மண்ணை மழையில் திறந்து போடுவது எத்தகைய விஷயம் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ரேட் கேட்கும் முன் அளவு. "சுவர் கட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் மூன்று மேஸ்திரிகளும் மூன்று சுவரை மனதில் வைத்துக்கொண்டு விலை சொல்வார்கள். சுவரின் மேல்பக்கம் வீடு நிற்பதால், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரின் டிராயிங் கைக்கு வந்த பிறகே மேஸ்திரிகளைக் கூப்பிட்டது.

டிராயிங்படி வானம் (அடித்தளக் குழி) 2 அடி ஆழம், நாலரை அடி அகலம். அதற்கு மேல் 6 அடி உயரம். அடியில் மூன்றரை அடி, தலையில் ஒன்றரை அடி. குறுக்குவெட்டில் வானம் 9 சதுர அடி, மேல்கட்டு 15 சதுர அடி, ஆக 24. நாற்பதால் பெருக்கினால் 960 கன அடி கருங்கல் கட்டு.

ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கலவையில் 100 கன அடி கட்டுக்கு ஏறக்குறைய 5 மூட்டை சிமென்ட், 35 கன அடி மணல் பிடிக்கும். மொத்தத்துக்கு 48 மூட்டை, மூன்றரை யூனிட் எம்-சாண்ட். கல் 12 யூனிட். யூனிட் என்றால் 100 கன அடி. இதையும் தாளில் எழுதிவிட்டோம். லாரியில் குவியலாக அளந்ததா, தட்டிச் சமப்படுத்தி அளந்ததா என்பதும் அதோடு சேரும். மலை ஏறிக் குலுங்கி வரும் மணல் பாடி மட்டத்திலிருந்து கண்டிப்பாகக் கீழே இறங்கியிருக்கும். அதனால் கணக்கு இறக்குமிடத்து அளவுதான்.

சுவருக்குப் பின்னால் ஓரடி தடிமனுக்கு ஒன்றரை அங்குல ஜல்லி நிரப்ப வேண்டும். ஐந்தடி உயரத்துக்கு 2 யூனிட் ஆகிறது. வீப் ஹோலுக்கு, அதாவது சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் துளைக்கு, 3 அங்குல பிவிசி பைப், ஐந்தடிக்கு ஒன்று, இரண்டு வரிசை, மேல்வரிசை மாற்றி மாற்றி: 16 துண்டு. பழைய சுவர் வயிறு தள்ளியதற்குக் காரணம் கல்லோ கலவையோ அல்ல. பின்னால் தேங்கிய தண்ணீருக்கு வழியில்லை, ஜல்லியும் இல்லை, வெறும் களிமண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள்.

ஜூலை 26, சனி

மூன்று கொட்டேஷனும் வந்தன. சுவருக்கு மட்டும், மெட்டீரியலோடு: 2.10 லட்சம், 2.75 லட்சம், 3.30 லட்சம்.

முதல் தாளில் ஒரே வரி: "ரீடைனிங் வால் 40 அடி, முழுவதும் முடித்துக் கொடுக்க." கேட்டால் வானம் ஒன்றரை அடி ஆழம், 3 அடி அகலம் போதும் என்கிறார். அந்தக் கணக்கில் கட்டு 780 கன அடிதான். கன அடிக்கு 269 ரூபாய். நடுத்தாளில் 960 கன அடிக்கு 286. அறுபத்தைந்தாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று கண்ணில் பட்டது, கன அடிக்கு 17 ரூபாயாகச் சுருங்குகிறது. அதிலும் நடுத்தாளில் ஜல்லியும் பைப்பும் சேர்த்தி. முதல் தாளில் இல்லை. மூன்றாமவர் சுமைகூலி, மண் அப்புறப்படுத்துவது எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். குறைந்த விலைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. கேட்காததற்கு அவர் விலை போடவில்லை, அவ்வளவுதான்.

மூவரிடமும் ஒரே அட்டவணையைக் கொடுத்து மறுபடி விலை கேட்டிருக்கிறது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்ணா" என்று எந்த வரிக்குப் பதில் வருகிறதோ, அந்த வரியை முதலில் பேசி முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, பழைய கல். பிரித்தால் 4 யூனிட்டாவது தேறும். 'மெட்டீரியலோடு' என்று விலை பேசிவிட்டு, கான்ட்ராக்டர் அந்தக் கல்லையே எடுத்துக் கட்டினால், வீட்டுக்காரர் தன் கல்லுக்குத் தானே காசு கொடுத்தவராகிறார். எழுதியது: பழைய கல் வீட்டுக்காரருடையது, கலவை தட்டிச் சுத்தம் செய்து புதுக்கட்டில் போட வேண்டும், புதுக்கல் 8 யூனிட்டுக்கு மட்டுமே விலை.

ஜூலை 30, புதன்

சுமை. சமவெளியில் எஸ்டிமேட் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வரியே தோன்றாது. லாரி ரோட்டில் நின்றுவிடும். அங்கிருந்து 45 படி கீழே இறங்க வேண்டும்.

மணல், ஜல்லி, புதுக்கல், சிமென்ட் எல்லாம் சேர்த்தால் அறுபது டன்னுக்கு மேல் வருகிறது. ரோட்டிலிருந்து இறக்க என்ன ரேட் என்று கேட்டால் மூட்டைக்கு இவ்வளவு என்கிறார்கள். சிமென்ட் சாக்கு நிறைய எம்-சாண்ட் பிடித்தால் 60 கிலோவைத் தாண்டும், ஈரமென்றால் இன்னும் கூடும். அதைத் தூக்கிக்கொண்டு பனியில் வழுக்கும் படியில் யாரும் இறங்க மாட்டார்கள், இறங்கவும் கூடாது. 35, 40 கிலோதான் பிடிப்பார்கள். யூனிட் மணல் சுமார் 5 டன். முழுச்சாக்குக் கணக்கில் 80 மூட்டை, அரைகுறைச் சாக்கில் 125-க்கு மேல். மூட்டை ரேட்டில் ஒப்புக்கொண்டவர் ஒன்றரை மடங்கு கொடுப்பார். யூனிட்டுக்கு இவ்வளவு, சிமென்ட் மூட்டைக்கு இவ்வளவு, கல்லுக்கு யூனிட் கணக்கில் இவ்வளவு என்று பிரித்துப் பேசியாகிவிட்டது.

சந்தில் டிப்பர் திரும்புமா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் மெயின் ரோட்டில் கொட்டி பிக்கப்பில் மாற்ற வேண்டும். ஒன்றரை டன் வண்டிக்கு ஒரு யூனிட் மணலே மூன்று நடைக்கு மேல். ரோட்டோரம் ராத்திரி கிடக்கும் மணலுக்கு யார் பொறுப்பு? இறங்குமிடம் வரை சப்ளையர், அங்கிருந்து கான்ட்ராக்டர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்தை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. "ஜேசிபி ஒரு நாள் விட்டா முடிஞ்சுது சார்" என்ற பேச்சில் போட்ட விலை இங்கே செல்லாது. ஆள் வைத்து வெட்டும் விலைதான் விலை. அனுமதி எதுவாக இருந்தாலும் எடுக்க வேண்டியது வீட்டுக்காரர்.

ஆகஸ்ட் 6, புதன்

ஷீட்டும் பூச்சும். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட பிறகும் சண்டை வருவது, எந்தச் சதுர அடி என்று பேசாததால்.

1,070 மி.மீ. அகல ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த பிறகு சுமார் ஒரு மீட்டர்தான் மூடும். வாங்கிய ஷீட்டின் பரப்புக்குப் பில்லா, மூடிய கூரைக்கா? ஆறேழு சதவீதம் அங்கேயே போய்விடும். எழுதியது: மூடிய கூரை, சரிவிலேயே டேப் பிடித்து அளந்தது. கனம் 0.50 மி.மீ. என்று மட்டும் எழுதினால் போதாது. தகட்டின் மேல்பூச்சு சேர்த்தா, வெறும் இரும்பா என்று சேர்க்க வேண்டும். ரிட்ஜ் (முகட்டுத் தகடு), சுவரோரத் தகடு, மழைநீர்க் காடி மூன்றும் அடி நீளத்துக்குத் தனி ரேட். ஸ்க்ரூ எல்லாம் ரப்பர் வாஷரோடு, ஷீட்டின் மேட்டில். பள்ளத்தில் அடித்தால் முதல் மழைக்கே ஒழுகும். பழைய தகரம் யாருக்கு என்பதும் ஒரு வரி. எடைக்குப் போட்டால் சும்மா விடுகிற காசு இல்லை. கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்வதானால் பிரிக்கிற கூலி அதில் கழியும்.

பூச்சில் கதவு ஜன்னல் கழிக்கிற பேச்சு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1200-படி, அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு இல்லை, அதன் பக்கவாட்டுப் பூச்சுக்குக் காசும் இல்லை. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை, இருபக்கமும் பூசும் சுவரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிப்பார்கள். நாலுக்கு நாலு ஜன்னல் அந்த வகை. உள்ளூர்ப் பழக்கமோ எதையும் கழிப்பதில்லை. எந்த வழக்கமானாலும் சரி, ரேட் அதற்கேற்ப இருக்க வேண்டும். உள்ளூர் வழக்கத்தையே வைத்துக்கொண்டு ரேட்டைக் கொஞ்சம் இறக்கியாகிவிட்டது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வாதாடுவதைவிட இது மேல்.

ஆகஸ்ட் 9, சனி

குளியலறைத் தளம் 8க்கு 6 அடி, 5 அங்குலம். கான்கிரீட் 20 கன அடிதான், ஆனால் இதில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு, அடியில் தாங்கும் முட்டு எடுக்க 7 நாள் என்று எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 அந்த 7 நாளைச் சொல்வது, சாதா போர்ட்லேண்ட் சிமென்ட் போட்டு, குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கு. இங்கே ஆவணி இரவிலும் அதற்குக் கீழே போகும், கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலோனா சிமென்ட்). எனவே 14 நாள் முட்டு நிற்கும் என்று எழுதி, சென்ட்ரிங் வாடகை அத்தனை நாளுக்கும் சேர்த்தே விலை. இதைச் சொல்லாமல் விட்டால் எட்டாம் நாள் காலையில் முட்டைத் தட்ட ஆள் வந்து நிற்கும், வாடகைக் கணக்கு அப்படி.

ஆகஸ்ட் 11, திங்கள்

பணம். நடுத்தாளுக்காரர்தான் முடிவானது, சுமை, மண் இரண்டையும் சேர்த்ததும் மூன்றாமவருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அளவை வரிவரியாகப் போட்டது இவர்.

அட்வான்ஸ் 10 சதவீதம். பாதி கேட்டார், கல் எடுக்கப் பணம் வேண்டும் என்பது நியாயமான பேச்சுதான். அதற்கு வழி, கல் இறங்கிய அன்று இறங்கிய அளவுக்குக் கொடுப்பது. வானம் கட்டு முடிந்ததும் ஒரு தவணை, மேல்கட்டுப் பாதியில் ஒன்று, முடிவில் ஒன்று. 5 சதவீதம் தை வரை பிடித்துவைப்பது, ஒரு வடகிழக்குப் பருவமழை சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று ஒரு வரி. இத்தகைய வேலைக்கு 18 சதவீதம். 3 லட்சத்தில் 54,000. பதிவு இல்லாதவர் வரி என்று தனியாக வாங்க முடியாது, வாங்கவும் கூடாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

எக்ஸ்ட்ரா வேலை. மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நீலகிரிச் செம்மண்ணுக்குள் உருண்டைப் பாறை தட்டுப்படுவது சகஜம். பாறை வந்தால் கன அடிக்குத் தனி ரேட். எது பாறை? கடப்பாரையால் நெம்பி எழும்பினால் மண் ரேட். உளி வைத்து உடைத்தால்தான் நகருமென்றால் பாறை. உடைப்பதற்கு முன் இரு தரப்பும் டேப் வைத்துப் போட்டோ.

வேறு எது கூடினாலும் வேலைக்கு முன் வாட்ஸ்அப்பில் அளவும் விலையும், எதிர்ப்பக்கம் 'சரி'. அது இல்லாமல் செய்த வேலைக்குப் பில் இல்லை. நாள் கூலிக்கு விட வேண்டிய சில்லறை வேலைக்குக் கொத்தனார், நிமிர்ந்தாள், சித்தாள் ரேட்டும் தாளில் ஏறிவிட்டன.

மழை நாளில் கூலி கிடையாது, ஆனால் நாள் கணக்கில் அந்த நாளைக் கூட்டிக்கொள்ளலாம். வானத்தை நாற்பதடிக்கும் ஒரே வீச்சில் வெட்டக் கூடாது. பத்தடி வெட்டி, கட்டி, பிறகே அடுத்த பத்தடி. ஆட்களுக்கு இது எரிச்சல், வேகமும் குறையும், அதற்குத்தான் ரேட்டில் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். கொடுத்தாயிற்று. இந்தச் சரிவில் அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைப்பது முட்டாள்தனம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்தாயிற்று. இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்து, கூடவே டிராயிங் நகல். நூல் கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டபின், வெட்டும் முன் தரைமட்டம் ஐந்து இடத்தில் அளந்து குறித்தது. சமையலறைப் படிக்கட்டின் மேல் விளிம்புதான் அளவுக்கு ஆதாரம். குழி வெட்டிய பிறகு பழைய தரை எங்கே இருந்ததென்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். வானம் கட்டு முடிந்தால் மண் தள்ளி மூடும் முன் அகலம் அளக்க வேண்டும். மூடிவிட்டால் நாலரை அடியா மூன்றடியா என்று யாராலும் பார்க்க முடியாது. அந்த அளவு எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏறாமல் இரண்டாம் தவணை இல்லை.

வெட்டிய மண் உதிர்ந்து 450 கன அடிக்கு மேல் வரும். ஓடைப் பக்கம் ஒரு கூடைகூடத் தள்ளக் கூடாது. மேல்தட்டுத் தோட்டத்தில் கொட்டுமிடம் கயிறு கட்டிக் காட்டியாயிற்று. சிமென்ட் 20 மூட்டை மட்டும் இறங்கியிருக்கிறது, பலகை மேல் அடுக்கி தார்ப்பாய் போட்டு. மூடுபனியில் மொத்தமாக வாங்கி வைத்தால் கட்டி தட்டும். மீதி அடுத்த பத்தடிக்கு.