சூடாக இருக்கும் மெஷினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

இரண்டாயிரம் ரூபாய் போய்விட்டது. மூன்று தடவை போன் போட்டேன், நான்காவது தடவை எடுக்கவே இல்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன். மரம் அறுக்கும் மெஷினை, அதாவது செயின் சாவை, பழையதாக வாங்க அலைகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பணமாவது தப்பட்டும்.

உச்சிப்புளிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் தென்னை. வேலிக்கு அந்தப் புறம் அப்பா காலத்துப் புஞ்சை மூன்று ஏக்கர், முழுக்கச் சீமைக்கருவேலம் ஏறிக் கிடக்கிறது. ஆள் விட்டு வெட்டினால் விறகு விற்கிற காசு கூலிக்கே சரியாய்ப் போகிறது. சொந்த மெஷின் இருந்தால் கட்டும். புதிதாக வாங்கலாம்தான். ஆனால் ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 180 மாதிரி 31.8 சிசி மெஷின் கிளை கழிக்க அருமையானது, கருவேலத்தின் அடித்தூரில் நாள் முழுக்க நிற்க அது பத்தாது. 50 சிசிக்கு மேல் நல்ல கம்பெனியில் புதிதாக எடுக்க என்னிடம் பணம் இல்லை. அதனால்தான் பழையது தேடினேன்.

முதல் மெஷின் ஏர்வாடி தாண்டி ஒரு கடலோர ஊரில் இருந்தது. வல்லம் நிறுத்தும் கொட்டகைக்குள் வைத்திருந்தார். ஒரே இழுப்பு, கிளம்பிவிட்டது. "இப்பத்தான் தம்பி ரெண்டு கட்டை அறுத்துட்டு வச்சேன், வெண்ணெய் மாதிரி இறங்குது" என்றார். தூக்கிப் பார்த்தேன், சைலன்சர் சூடு மணிக்கட்டில் அடித்தது. அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். 9,500 பேசி, 2,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீது இல்லை, ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. போனில் அனுப்பியிருந்தால் அதற்காவது தடயம் இருந்திருக்கும்.

என் மனைவியின் தம்பி மண்டபத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். ராத்திரி அவனிடம் சொன்னேன். "மெஷின் சூடா இருந்துச்சா மச்சான்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. மறுநாள் காலை ஆறரைக்கே இருவரும் போய் நின்றோம். இழுத்தோம், இழுத்தோம், இருபது முப்பது தடவை இழுத்தோம். என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "குளிருக்கு அப்படித்தான், சோக் போட்டு இழுங்க" என்கிறார் அவர். புரட்டாசி மாதம், ஏர்வாடியில் என்ன குளிர்!

மச்சான் பேசவில்லை. சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி எடுத்தான். அதை எடுத்தால் அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு நேராகத் தெரியும். செல்போன் டார்ச்சை அடித்து என்னைப் பார்க்கச் சொன்னான். வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, ஆணியால் கீறிவிட்ட மாதிரி. குச்சி முனையை வைத்துத் தடவினால் ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கி ஏறி இறங்கியது. பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு முள் நிற்கும்வரை இழுத்தோம். 85 பிஎஸ்ஐ. நல்ல மெஷினில் 150 காட்டும். 120க்குக் கீழே போனாலே யோசிக்க வேண்டும்.

யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இந்த எஞ்சினுக்குள் ஆயிலுக்கென்று தனி வழி கிடையாது, பெட்ரோலில் கலந்து போனால்தான் பிஸ்டனுக்கு வழுக்கல். இரவல் கொடுத்த மெஷின்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். சூடாக இருக்கும்போது பெட்ரோல் சட்டென்று ஆவியாகிப் பற்றிக்கொள்வதால் கிளம்புகிற கஷ்டம் தெரியாமல் போய்விடுகிறது. நான் வருவதற்கு முன் சூடாக்கி வைத்ததே அதற்காகத்தான்.

முன்பணத்தைக் கேட்டேன். "வேணாம்னு சொன்னது நீங்கதானே" என்றார்.

இரண்டாவது மெஷினுக்காகத் தொண்டிப் பக்கம் போனேன். ராமநாதபுரத்தில் பஸ் மாறி, ஒரு நாள் வேலை கெட்டு, போக வரச் செலவு வேறு. போட்டோவில் பளபளவென்று இருந்தது. நேரில் பார்த்தால் அந்தப் பளபளப்பு புது பெயிண்ட். செயினை மூடியிருக்கும் கவரைத் திறக்க நட்டைச் சுற்றினேன், நட்டோடு சேர்ந்து உள்ளே இருந்த போல்ட்டும் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவு. பெரிய மெஷின்களின் உடம்பு மக்னீசியம் கலந்த லேசான உலோகம், உப்புக் காற்று அதைத் தின்றுவிடும். மதுரைக்காரர்கள் இதைப் பார்க்கத் தேவையில்லாமல் இருக்கலாம். நம் கடற்கரையில் பிஸ்டனுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது இதுதான்: போல்ட் ஏறும் ஓட்டைகள், சைலன்சரின் அடிப்பகுதி, பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உட்காரும் இடம். பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இன்னொன்று, ஸ்டிக்கரில் பெரிய கம்பெனி பெயர் இருந்தது, உடம்பில் எங்கேயும் எண் குத்தப்படவில்லை. நிஜமான ஸ்டீல் கம்பெனி மெஷினில் உடம்பிலேயே எண் இருக்கும். நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்த்து விலை பேசாதீர்கள்.

மூன்றாவது, பெரியபட்டினத்தில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்). விறகு வியாபாரம் செய்தவர். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதே, அந்தச் சமயத்தில் வாங்கிய மெஷின். 58 சிசி, 20 இன்ச் பார். முட்டி வலி வந்து தொழிலை விட்டுவிட்டாராம். இந்தத் தடவை முதல்நாளே போன் செய்து, "காக்கா, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "நல்ல பழக்கம் வாப்பா, வந்து நீயே இழு" என்றார். பில்லும் பத்திரமாக வைத்திருந்தார். திருட்டு மெஷின் நிறையக் கைமாறுகிறது, பில் இல்லாவிட்டால் யாரிடமிருந்து வந்தது என்றாவது எழுதி வாங்குங்கள்.

மெஷின் சில்லென்று இருந்தது. முதலில் கயிற்றுச் சோதனை: ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டேன். தன் எடைக்கு அது நின்று நின்று இறங்கியது. சரசரவென்று ஒரேயடியாக இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. சில மெஷினில் கம்ப்ரஷனைக் குறைக்கும் பட்டன் இருக்கும், அதை அழுத்திவிட்டுச் சோதிக்கக் கூடாது. பிஸ்டன் சுத்தம், கேஜில் 140. ஐந்தாவது இழுப்பில் கிளம்பியது.

ஓட விட்டு மெஷினை இடமும் வலமும் மூக்கு கீழாகவும் சாய்த்துப் பார்த்தேன். சாய்க்கும்போது சத்தம் தானாக ஏறினால் எங்கேயோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் கிராங்க் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும். இதில் ஏறவில்லை. பழைய தினத்தந்தி ஒன்றை விரித்து அதன்மேல் பார் முனையைக் காட்டி முடுக்கினேன். காகிதத்தில் மெல்லிசாக ஓர் ஆயில் கோடு விழுந்தது. செயினுக்குத் தனியாக ஆயில் விடும் பம்ப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. பிறகு ஒரு பூவரசங்கட்டையைப் பத்து நிமிஷம் அறுத்துவிட்டு நிறுத்தி, உடனே மறுபடி இழுத்தேன். ஆறியிருக்கும்போது கிளம்பி, சூடானபின் கிளம்பாத மெஷின்களும் உண்டு. இரண்டையும் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

குறைகளும் இருந்தன. செயினை இழுக்கும் பல்சக்கரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. பெட்ரோல் ஹோஸ் விறைத்து வெடித்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, செயின் பிரேக் பிடிக்கவில்லை. முன் கைப்பிடியைத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும், இதில் நிற்காமல் ஓடியது. பார் முனை மரத்தில் பட்டு மெஷின் முகத்தை நோக்கி எகிறினால் முக்கியமாக நம்மைக் காப்பது அந்தப் பிரேக்தான். பிரேக் மாற்ற வழியில்லாத மெஷின் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இந்த மூன்றையும் சொல்லித்தான் விலை பேசினேன். 9,000 சொன்னவர் 6,500-க்கு இறங்கினார். புது மெஷின் விலையில் பாதிக்கு மேல், வாங்கும் விலையும் ரிப்பேரும் சேர்ந்து போகக் கூடாது என்று மச்சான் ஒரு கணக்கு வைத்திருந்தான். அதற்குள் வந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், செயினில் மாட்டிக்கொண்டேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் "20 இன்ச் செயின்" என்று கேட்டேன். கடைப்பையன் தலையே நிமிராமல் ஒன்றை எடுத்துப் போட்டான். "பிட்ச் எவ்வளவு தம்பி?" (கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளி அளவு) என்றதற்கு, "20 இன்ச்னா இதுதாண்ணே" என்றான். வீட்டுக்கு வந்து மாட்டினால் சக்கரத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. என் பாருக்கு 0.325 இன்ச் பிட்ச், 76 பல் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் உள்பல்). அவன் கொடுத்தது 3/8 பிட்ச், 72 பல். கவர் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். இன்னொரு கடையில் மறுபடி காசு கொடுத்து வாங்கினேன். இன்ச் மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பாரின் அடியில் பிட்ச், தடிப்பு, பல் எண்ணிக்கை மூன்றும் பெரும்பாலும் பொறித்திருக்கும். துடைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அழிந்திருந்தால் பழைய செயினையே கையோடு கொண்டுபோங்கள்.

பிரேக் பட்டை, பல்சக்கரம், ஹோஸ், செயின், பிளக் எல்லாம் சேர்த்து 2,300. கடையில் விட்ட செயின் காசு தனி.

இப்போது லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ டி (2T, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான) ஆயில் அளந்து ஊற்றுகிறேன், இந்த மெஷினுக்கு அதுதான் அளவு. 50-க்கு 1 என்று போட்டிருக்கும் மெஷினுக்கு 20 மில்லி. கண் மதிப்பில் ஊற்றுவதில்லை. கருவேலத்தின் தூரில் காற்று கொண்டுவந்து அப்பிய மணல் இருக்கும், அதை அரிவாளால் செதுக்கிவிட்டுத்தான் செயினை வைக்கிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் அரம் எடுக்க வேண்டிவரும். வேலியோரம் நிற்கும் இரண்டு பட்டுப்போன பனையையும் சாய்த்துத் தரச் சொல்லி ஒருவர் வந்தார். ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையில் கைவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதுவரை முப்பத்தாறு தூர் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை கேனில் வடித்துவிட்டு, மெஷினை ஆயில் துணியால் துடைத்துச் சாக்கில் சுற்றி, கடல் காற்று படாத உள் அறையில் வைக்கிறேன். நேற்று காக்கா வழியில் பார்த்துக் கேட்டார்: "எத்தனாவது இழுப்புல எடுக்குது வாப்பா?"

"மூணுல காக்கா."